பெயர்பிறகில் பதினோரு நிமிடம்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, கடைசியில் ஓட்டுநர் இல்லாத ரயிலைக் கண்டு காலத்தையும் தூரத்தையும் ஒருசேர வென்றது. வென்ற பதினேழாம் நாள் காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அந்த ரயில் ஒரு கருவேலங்காட்டின் நடுவில் நின்று, கதவுகளைத் திறந்து, நான்கு வெள்ளாடுகளை ஏற்றிக்கொண்டது.

அங்கே நிலையம் கிடையாது. நடைமேடை கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு மண்மேடு கதவின் உயரத்துக்கு இருந்தது. ஆடுகளுக்கு அது போதும். பெட்டிகளுக்குள் கனிந்த பெண்குரல் ஒன்று அறிவித்தது: "பெயர்பிறகு. பெயர்பிறகு நிலையம் உங்களை அன்புடன் வரவேற்கிறது." பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் ஊர் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ரயில் பதினோரு நிமிடம் நின்றது. பிறகு எதுவுமே நடக்காதது போலக் கிளம்பிப் போனது.

செங்கட்டூர் – வல்லபுரம் கிளைப்பாதைக்குத் தானியங்கி ஓட்டம் வந்த முதல் நாள் அது. மறுநாளும் ரயில் அங்கேயே நின்றது. அதற்கு மறுநாளும். வல்லபுரத்தில் பிடிக்க வேண்டிய இணைப்பு வண்டி எட்டு நிமிடம்தான் காத்திருக்கும். ஆகவே நாள்தோறும் அறுபது எழுபது பேர் வல்லபுரம் நடைமேடையில் இறங்கி, போகிற வண்டியின் கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஓட்டுகிற இயந்திர மூளைக்குச் 'சாரதி' என்று பெயர். முகப்பு அறையில் சாரதிக்குத் துணையாக ஒரு மனுஷியும் இருந்தாள். இசக்கித்தாய், முப்பத்தொரு வயது. ஒன்பது வருடம் உதவி ஓட்டுநராக இருந்தவளுக்கு இப்போது 'மேற்பார்வைத் துணைவர்' என்று பதவி. முன்னால் இரண்டே பொத்தான்கள். பச்சையில் 'சம்மதம்' என்று எழுதியிருக்கும். தூங்கவில்லை என்று காட்ட அரை நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். சிவப்பு, அவசர நிறுத்தத்துக்கு. நிற்கிற ரயிலைக் கிளப்புவதற்குப் பொத்தான் இல்லை. சாரதி காரணமில்லாமல் நிற்காது என்று கையேட்டின் முதல் பக்கமே சொல்லிவிட்டதால், அப்படி ஒரு பொத்தான் வைப்பது அவமரியாதை என்று விட்டுவிட்டார்கள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் திரு. அனந்தபத்மன், தலைமை நுண்ணறிவு ஆலோசகர். அவர் ஒரே வாரத்தில் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டார். முதலாவது, வெளிநாட்டு மாநாட்டுக்கான கட்டுரை: மனிதர் உணராத ஏதோ ஒன்றைச் சாரதி அந்த இடத்தில் உணர்ந்து நிற்கிறது. இரண்டாவது, இசக்கித்தாய்க்கான குற்றச்சாட்டு: அவளே சிவப்புப் பொத்தானை அமுக்கி ரயிலை நிறுத்துகிறாள், 'அவ்விடத்தில் ஓர் ஆணைச் சந்திக்கும் பொருட்டு'.

தமிழும் சும்மா இருக்கவில்லை. முனைவர் கார்மேகவண்ணன் நாளிதழில் அரைப்பக்கம் எழுதினார். பெயல் என்றால் மழை. பெயலும் பிறகும் சேர்ந்தால் பெயற்பிறகு. மழைக்குப் பின் தளிர்க்கும் நிலம் என்று பொருள். தமிழர் மறந்த தொல்லூர் ஒன்றை இயந்திரம் நினைவுபடுத்துகிறது என்று முடித்திருந்தார். அந்தக் காட்டில் மழை பெய்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இந்தக் கட்டுரையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் எபனேசர் ஒரு திங்கட்கிழமை செங்கட்டூரில் ரயில் ஏறினார்.

எபனேசருக்கு வயது ஐம்பத்துநாலு. திருநெல்வேலியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூத்த உதவியாளர். பக்கத்துக்குப் பக்கம் எல்லையும் பெயரும் சரிபார்த்து, ஒரு எழுத்துப் பிசகினாலும் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறவர். வீட்டில் மூன்று வருடமாக அவருக்கு இருந்த ஒரே கேளிக்கை கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு. ஓட்டுவதோடு நிற்காமல், பாதை அமைக்கவும் கற்றுக்கொண்டார். நிஜமாக இருக்கிற ஒரு ரயில் பாதையை எடுத்துக்கொண்டு, வானப் படத்தைப் பார்த்து, தண்டவாளம், பாலம், பனைமரம், கம்பம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் பதிக்க வேண்டும். அவர் அமைத்தது இந்தச் செங்கட்டூர் – வல்லபுரம் பாதையை. நேரில் வந்ததில்லை. இன்றைக்குத்தான் வருகிறார். தான் போட்ட வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பயணம்.

வளைவு சரியாக இருந்தது. ஓடைப்பாலம் இருந்தது. மூன்றாவது பனை மட்டும் இரண்டடி தள்ளி இருந்தது. அது பனையின் தவறு என்று எபனேசருக்குத் தோன்றியது. ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது ரயில் மெதுவாகி நின்றது.

"பெயர்பிறகு" என்றது குரல்.

நாளிதழில் முனைவர் போட்டிருந்த றகரத்தில் வாசித்தபோது அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காதில் ரகரமாக விழுந்ததும் எபனேசர் மடித்த நாளிதழைக் கீழே வைத்தார். அது மழையும் இல்லை, தொல்லூரும் இல்லை. அவரே இரண்டு விரலால் தட்டியது.

பாதை அமைக்கக் கற்கிற எல்லோருக்கும் வருகிற தலைவலி அது. இரண்டு பக்கமிருந்தும் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தால், நடுவில் எங்கோ ஓரிடத்தில் முனைகள் சேராது. ஒரு சாண் இடைவெளி இருக்கும். வேகமாக வருகிற ரயில் அதில் விழுந்து கவிழும். எபனேசர் ஒன்பது நாள் முனைகளை இழுத்துப் பார்த்தார், சேரவில்லை. இணையத்தில் பாதை அமைக்கக் கற்றுத்தந்த ஆசிரியரிடம் கேட்டார். அங்கே ஒரு நிலையத்தைப் போட்டுவிடுங்கள், ரயில் நின்று ஊர்ந்து போகும், இடைவெளி தெரியாது என்று பதில் வந்தது. நிலையத்தைப் போட்டார். உடனே திரையில் பெட்டி ஒன்று திறந்து, நிலையத்தின் பெயர் என்ன என்று கேட்டது. பொருத்தமான பெயரை யோசித்து வைக்கலாம் என்று நினைத்து, அதுவரைக்கும் 'பெயர் பிறகு' என்று அடித்தார்.

பிறகு மறந்துவிட்டார்.

இறங்கிப் போனார். முகப்புப் பெட்டிக்கு அருகே இசக்கித்தாய் ஒரு ஆட்டின் கொம்பைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏறிக்கிடுங்க சார். பதினோரு நிமிஷம்னா பதினோரு நிமிஷந்தான். அதுல மட்டும் பிசகாது" என்றாள்.

"தினமும் இங்கதான் நிக்குதாம்மா?"

"தினமும். நான் நிப்பாட்டுதேன்னு சொல்லுதாவ."

"எதுக்கு?"

"அந்தா, அவரப் பாக்கதுக்கு." மேட்டின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரரைக் காட்டினாள். சண்முகையா பொக்கை வாயால் சிரித்து, கையை உயர்த்தினார்.

"அவருக்கு எழுவது வயசு இருக்குமேம்மா."

"எழுவத்தொண்ணு. மெமோல வயசு போடல சார். 'ஓர் ஆண்'னு மட்டும் போட்டுருக்காவ. எங்க வீட்டுக்காரரு அத மூணு வாட்டி வாசிச்சாரு. இவரக் கூட்டிட்டுப் போயி காட்டுனா, 'நெசமான ஆளு எங்க?'ன்னு கேக்காரு. அதுக்குப் பெறவு இருவது நாளா சோத்துத் தட்ட வாங்கிக்கிடுதாரு, மூஞ்சியப் பாக்க மாட்டேங்காரு." ஆட்டைக் கீழே விட்டாள். "வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. அன்னையோட வேலையும் போச்சு, பேரும் போச்சு."

எபனேசர் வாயைத் திறந்தார். ரயில் கூவியது. வாயை மூடிக்கொண்டு ஏறினார்.

வல்லபுரத்தில் இறங்கியதும் ஆசிரியருக்குப் பேசினார். ஆசிரியர் கோயம்புத்தூரில் பல் மருத்துவர், பெயர் வள்ளிமணாளன். மாதிரிப்பாதை அமைப்போர் பேரவையின் நிறுவனத் தலைவர். அவருடைய நாற்பத்திரண்டு பாடங்களில் முதலாவது, 'மண்ணின் முன் மண்டியிடுதல்'.

"சொல்லுங்க எபனேசர் சார். ஒருத்தருக்குக் கடவாப்பல்லுல இருக்கறனுங்க, ஒண்ணுமில்லீங்க, அவருக்கு மரத்துப் போச்சு. பேசுங்க."

"டாக்டர், நம்ம பாதைகள யாருக்காவது குடுத்தீங்களா?"

"குடுத்தனுங்க. நாட்டுக்குக் குடுத்தனுங்க" என்றார் வள்ளிமணாளன், குரலைச் சற்றுக் கனமாக்கிக்கொண்டு. "சாரதிக்கு ஓட்டக் கத்துக் குடுக்கோணும்னா ஒவ்வொரு பாதையவும் அளக்கோணும், ஆள் வெச்சு ஓட்டிக் காட்டோணும். அதுக்கு அந்த ஒப்பந்தக்காரங்களுக்கு ஏதுங்க நேரம்? நம்ம பேரவைல நாலாயிரம் பாதை இருக்குது. நம்மாளுக ஓட்டுன பதிவும் இருக்குது. மொத்தமா அள்ளீட்டுப் போய்ட்டாங்க. எனக்கு 'பாதைச் சிற்பி'ன்னு ஒரு கேடயம் குடுத்தாங்க."

"என்ட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"விதிமுறைல பதினெட்டாம் பக்கமுங்க. கடைசில நீங்க சம்மதம்னு அமுத்தியிருக்கறீங்க."

எபனேசர் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "அப்ப மத்த பாதையில எல்லாம் ரயிலு கண்ட இடத்துல நிக்கலையே, அது எப்படி?"

"அதெல்லாம் ஐநூறு பேரு, ஆயிரம் பேரு ஓட்டுன பாதைங்க. ஒருத்தர் பண்ணுன கோமாளித்தனத்த மத்தவிங்க ஓட்டுனது சரி பண்ணீரும். உங்க பாதை வந்துங்க..." என்று நிறுத்தினார். பின்னால் கடவாய்ப்பல்காரர் முனகினார். "சொல்றதுக்குச் சங்கடமா இருக்குதுங்க. மூணு வருசத்துல உங்க பாதைய ஓட்டுன ஆளு ஒருத்தர்தானுங்க. அது நீங்க."

இதுதான் எபனேசருக்கு அன்றைய பெரிய அடி. அவருடைய பாதையை இருபது நாடுகளில் ஓட்டுகிறார்கள் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார்.

"அதும் ஒரே தடவ" என்றார் வள்ளிமணாளன். "சான்றிதழுக்காக ஒரு முனைல இருந்து மறுமுனைக்கு ஓட்டிப் பதிவு அனுப்புனீங்க பாருங்க, அது. சாரதி உங்கள மாதிரியே ஓட்டுது. எங்க நின்னீங்களோ அங்க நிக்குது. ஏனுங்க, நானே கேக்கோணும்னு இருந்தேன். அந்தக் காட்டுல பதினோரு நிமிசம் எதுக்குங்க நின்னீங்க? கையே வெக்காம, அசையாம. ஏதோ இயற்கையோட ஒன்றி நிக்கறாருன்னு நெனச்சுத்தான் நான் முதல் வகுப்பு போட்டேன்."

எபனேசர் பேச்சைத் துண்டித்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில், மனைவி செலின் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் கீழே வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். 'பெயர் பிறகு' என்ற இடத்தில் அவள் தலையை ஆட்டினாள்.

"பெத்த பிள்ளைக்கே ஆறு மாசம் பேரு வைக்காம இழுத்தடிச்ச மனுஷன்தான நீங்க." ஆடு ஏறுகிறதைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இசக்கித்தாய் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. "அந்தப் பிள்ளைக்கு வேலை போவுதா?"

"வெள்ளிக்கிழமை."

"அப்பப் போயிச் சொல்லுங்க."

"பேரு நான் வச்சதுன்னு ஒரு கடுதாசி போட்டுருதேன். போதும்லா?"

"பதினோரு நிமிஷத்துக்கு என்ன சொல்லுவீய?"

எபனேசர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"விசாரணைய டிவில நேரடியாக் காட்டுதாவளாம்" என்றார் மெல்ல. "நம்ம ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாவ. சபையில பாப்பாவ."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீயன்னு எனக்குத் தெரியும்" என்றாள் செலின். "நான்தான கதவத் தட்டுனேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அனந்தபத்மனும் உறுப்பினர்கள் இருவரும். பக்கத்தில் சிறப்பு அழைப்பாளராகக் கார்மேகவண்ணன். இசக்கித்தாய் தனி நாற்காலியில் இருந்தாள். அவள் கணவன் பின்வரிசையில் ஓர் ஓரமாக, தவறான கல்யாணத்துக்கு வந்துவிட்டவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

முதலில் சண்முகையாவைக் கூப்பிட்டார்கள். எதிரே நிற்கிறவர்தான் குற்றச்சாட்டில் உள்ள ஆண் என்று தெரிந்ததும் உறுப்பினர் ஒருவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தப் பெண்ணை உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அனந்தபத்மன்.

"தெரியும்யா. தினம் எறங்கி என் ஆட்ட ஏசும். என்னையும் ஏசும். வேற பழக்கம் இல்ல."

அது போதவில்லை. சாரதி தவறு செய்யாது, ஆகவே மனிதர்தான் தவறு செய்திருக்க வேண்டும் என்றார் அனந்தபத்மன். அப்போதுதான் எபனேசர் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். விளையாட்டு, பேரவை, இடைவெளி, நிலையம், பெயர்ப்பெட்டி எல்லாவற்றையும் பத்திரம் வாசிக்கிற குரலில் வரிசையாகச் சொன்னார். சாரதி படித்த நாலாயிரம் பாதைகளும் பல் மருத்துவர் ஒருவரின் விளையாட்டுக் குழுவிடமிருந்து வந்தவை என்பது அங்கே இருந்தவர்களின் மண்டைக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிருபர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தான் ஏற வேண்டிய சாயங்கால ரயிலின் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

முதலில் சுதாரித்தது கார்மேகவண்ணன்தான்.

"ஐயா சொல்வதில் வியப்பொன்றுமில்லை. பெயற்பிறகு என்பதுதான் மூலம். 'பெயர் பிறகு' என்பது பிற்காலச் சிதைவு."

"நான் அடிச்சு மூணு வருஷந்தான் ஆவுதுங்க ஐயா" என்றார் எபனேசர்.

"நீங்கள் அடித்தீர்கள். உங்களை அடிக்க வைத்தது எது?"

அனந்தபத்மன் கையை உயர்த்தினார். "ஒப்பந்தத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. 'உயர்தர மெய்நிகர் நிலத்தரவு' என்றுதான் இருக்கிறது. சரி, ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். இடைவெளியைத் தாண்டுவதற்கு நின்றீர்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். பதினோரு நிமிடம் ஏன்? என்னுடைய கட்டுரை முழுவதும் அந்தப் பதினோரு நிமிடத்தின் மேல்தான் நிற்கிறது. சக்கரச் சூட்டைத் தணிக்கிறது என்கிறார்கள். மனிதரின் அவசர வாழ்க்கையை இயந்திரம் கண்டிக்கிறது என்கிறார்கள். உங்கள் விளக்கம் என்ன?"

எபனேசர் கூடவே கொண்டுவந்திருந்த குடையைக் கை மாற்றினார்.

"சொந்தக் காரணங்க."

"சொந்தக் காரணத்தைக் குழு ஏற்க முடியாது. விளக்கம் இல்லையென்றால் உங்கள் வாக்குமூலமும் இல்லை. இந்த அம்மாள் மேல் உள்ள குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். உட்காருங்கள்."

அவர் உட்காரத்தான் திரும்பினார். திரும்பின பக்கம் இசக்கித்தாய் இருந்தாள். கெஞ்சவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய வலது கட்டைவிரல், நாற்காலியின் கைப்பிடியில் இல்லாத ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

எபனேசர் மறுபடியும் ஒலிவாங்கியிடம் போனார். மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வர நேரம் ஆகும் அளவுக்கு அதிர்ச்சி பெரிதாக இருந்தது. அனந்தபத்மன் தன் முன்னால் இருந்த கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். 'ஆழ்ந்த கணிப்பின் மௌனம்' என்று தலைப்பு. அதைக் குப்புறத் திருப்பி வைத்தார். கார்மேகவண்ணன் இதற்கு மட்டும் வேர்ச்சொல் தேடவில்லை.

நடவடிக்கையைப் பதிவு செய்துகொண்டிருந்த எழுத்தர் தலையைத் தூக்கினார். "இத எப்படிய்யா எழுத?"

"நாகரிகமா எழுதுங்க" என்றார் அனந்தபத்மன்.

"உடல்நலக்குறைவுன்னு போட்டுரவா?"

"உடல்நலக்குறைவுன்னா மாரடைப்பான்னு கேப்பாங்க, மருத்துவச் சான்று எங்கன்னு கேப்பாங்க" என்றார் உறுப்பினர். "சொன்னபடியே போட்டுருங்க."

பின்வரிசையிலிருந்து இசக்கித்தாயின் கணவன் எழுந்து வந்தான். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால் தரையில் உட்கார்ந்தான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான். இருபத்து நான்கு நாளில் அவன் பேசின முதல் வார்த்தை.

"எந்திரிங்க, டிவில காட்டுதாவ" என்றாள் அவள்.

இசக்கித்தாய் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சாரதியை மாற்ற வேண்டுமென்றால் புது ஒப்பந்தம் போட வேண்டும், புது ஒப்பந்தம் போட்டால் பழைய ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஆகையால் சாரதி மாற்றப்படவில்லை. அதற்குப் பதிலாக வல்லபுரத்தில் இணைப்பு வண்டியைப் பதினோரு நிமிடம் தாமதமாகக் கிளப்ப உத்தரவாயிற்று. கருவேலங்காட்டில் நடைமேடையும் மஞ்சள் பலகையும் வந்தன. பலகையில் பெயற்பிறகு என்று முனைவரின் றகரம்தான் இருக்கிறது. எபனேசர் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. ஆடுகளைத் தவிர யாரும் அங்கே ஏறுவதும் இல்லை.

குழுவின் அறிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. மனித அறிவும் இயந்திர அறிவும் கைகோக்கும் புதிய யுகம் பற்றி அதில் நிறைய இருக்கிறது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் எட்டாம் பத்தி பின்வருமாறு: பயிற்சிப் பதிவின்போது ஏற்பட்ட பதினோரு நிமிட நிறுத்தத்திற்குக் காரணம், திரு. எபனேசருக்கு அப்போது நான்கு நாளாக இருந்த மலச்சிக்கல்.